முதுகுக்குப் பின்னால் இரண்டு வரி

ஃபக்ருன்னிசாவின் அண்ணன் தோல் வியாபார விஷயமாக ஐரோப்பா போய்த் திரும்பும்போது கிரேக்க நாட்டுச் சுற்றுலாத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். நான்கு நாள், தனிக் கார், ஓட்டுநர் உண்டு. ஏதென்ஸில் ஏறினால் மைசீனி, ஒலிம்பியா, டெல்ஃபி. எந்த நாள் எத்தனை மணிக்கு எந்த இடிபாட்டின் முன்னால் நிற்கலாம் என்பது வரைக்கும் அச்சடித்திருந்தார்கள். ஆசிரியர் அறையில் அதை என் மேசைமேல் வைத்து, "உங்க ஊருக்குப் பஸ் வந்துடுச்சு, திரௌபதி டீச்சர்" என்றாள் அவள். அவள் கணக்கு டீச்சர். எனக்கு அந்தக் கல்லூரியில் இருக்கும் ஒரே சிநேகிதி.

பதினான்கு வருஷமாக நான் அங்கே கிரேக்க வரலாறு நடத்துகிறேன். மூன்று வகைத் தூண்களையும் கரும்பலகையில் கை நடுங்காமல் வரைவேன். போன வருஷம் ஒரு மாணவி எழுந்து நின்று, கேலி எதுவும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டிக் கேட்டாள்: நீங்கள் உங்கள் கண்ணால் ஒரு பழைய எழுத்தையாவது படித்திருக்கிறீர்களா? மணி அடித்துவிடாதா என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் முகம் இப்போது நினைவில்லை. கடிகாரத்தைப் பார்த்த என் பார்வைதான் கூடவே இருக்கிறது.

அதற்குப் பிறகு வட்டெழுத்து அட்டவணை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். எங்கள் பக்கத்து நடுகற்களில், அதாவது சண்டையில் செத்தவனுக்காக நட்ட கற்களில், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வெட்டிய தமிழ் எழுத்து அது. சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து, பால் காயும் நேரத்தில் படித்தேன். ஒரு வருஷத்தில் எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு கல்லையும் பார்த்ததில்லை. கிரேக்கத்துக்குத்தான் போக முடியாது. ஜவ்வாது மலைக்குமா?

அந்தத் தாளில் இருந்த மாதிரியே ஓர் அட்டவணை போட்டேன். 1981 சித்திரை, பரீட்சை முடிந்த வாரம். மூன்று நாள். முதல் நாள் காலை ஆறு மணி, வாணியம்பாடி. ஜீப் ஃபக்ருன்னிசாவின் ரஹ்மான் மாமுவுடையது, ஓட்டுநரும் அவரே. அவள் அம்மாவின் தம்பி. அவர் வருகிறார் என்பதால் இரண்டு வீட்டிலும் சரி என்றார்கள்.

திருப்பத்தூரைத் தாண்டி மலைப்பாதை வளைய ஆரம்பித்ததும் என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. நாற்பது வயதில் இப்படி ஒரு படபடப்பு வெட்கமாகக்கூட இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கல் ஏதாவது தெரிகிறதா என்று கழுத்தை நீட்டினேன். மைல்கல்லைப் பார்த்து இரண்டு தடவை ஜீப்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை மாமு நிறுத்தாமலே, அதில் புதூர்நாடு என்று எழுதியிருப்பதைத் தானே படித்துச் சொன்னார்.

முதல் நாள் பார்த்த இரண்டு கற்களிலும் வாளும் வில்லும் பிடித்த ஆள் இருந்தான், எழுத்து இல்லை. இரண்டாம் நாள் கல்லில் எழுத்து இருந்தது, ஆனால் மழையில் தேய்ந்து சோப்புத் துண்டு மாதிரி ஆகியிருந்தது. ஒரே ஓர் எழுத்தை, அது எழுத்துத்தானா என்ற சந்தேகத்தோடு படித்தேன். இரவு காட்டு இலாகா பங்களாவில் ஃபக்ருன்னிசா ஆறுதல் சொல்ல ஆரம்பித்தபோது தூங்குவது போலக் கிடந்தேன். மூன்றாம் நாளும் இப்படியே போனால் அடுத்த வருஷமும் தூண் வரைந்துகொண்டு நிற்பேன். எழுத்து இல்லாதது கல்லின் குற்றமா, என்னுடையதா என்று என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் நெல்லிவாசல்நாட்டில், ஜீப் போகிற வரைக்கும் போய், பிறகு நடந்தோம். பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஊர். ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு கல். வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெயும் மஞ்சளும் வருஷக்கணக்கில் ஏறி, கறுத்துப் பொருக்காகிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. பொருக்கை நகத்தால் தொட்டேன். அடியில் ஒரு வளைவு, உளியால் வெட்டிய வளைவு.

யாரையாவது கேட்டிருக்க வேண்டும். இப்போது தெரிகிறது. அப்போது என் கையில் தண்ணீர்க் கூஜா இருந்தது, அவ்வளவுதான். ஊற்றித் தேய்த்தேன். ஈரத்தில் பொருக்கு ஊறி, முழுசாகக் கழன்று வந்தது. வீரனின் தலைக்கு மேலே இரண்டு வரி. முதல் எழுத்தில் விரலை வைத்தபோது, பின்னால் விறகுக்கட்டு தொப்பென்று விழுந்தது.

ராணியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்ட அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. ஊரைப் பார்த்து, "தண்ணி ஊத்திட்டாங்க" என்று குரல் கொடுத்தாள். ஐந்து நிமிஷத்தில் எல்லா வீட்டு ஆட்களும் வந்து நின்றார்கள். பூசாரி லட்சுமணன் கல்லைப் பார்த்தார், கூஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். விதைப்புக்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், தேய்க்க மாட்டார்கள். ஊற்றிவிட்டால் விழா தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஊற்றியவர்தான் அன்றைக்கே பொங்கல் வைத்து, பொங்கியதும் தன் கையாலேயே எண்ணெய் பூசி முடிக்க வேண்டும். பாதியில் விட்டுப் போனால் அந்த வருஷம் மழை பாதியில் போய்விடும். பார்த்துவைத்திருந்த நல்ல நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நான் முந்திக்கொண்டேன்.

வெளியூர்ப் பொம்பளை, தெரியாமல் செய்தது என்று ஃபக்ருன்னிசா எனக்காகப் பேசிப் பார்த்தாள். பூசாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வெளியூரா உள்ளூரான்னு கல்லு கேக்காதும்மா. ஊத்தினவங்க பொங்கணும்."

நான் உடனே சரி என்றேன். பயம் ஒரு பக்கம், ஆனால் பொங்கல் வைக்கும் நேரத்தில் அந்த இரண்டு வரியை நிதானமாகப் படித்துவிடலாம் என்ற கள்ளக் கணக்கு இன்னொரு பக்கம். புதுப்பானை வந்தது, ஊரிலேயே விளைந்த சாமை வந்தது, வெல்லம் வந்தது. கல்லுக்குப் பத்தடி முன்னால், கல்லுக்கு முதுகு காட்டி என்னை உட்காரவைத்தார்கள். அடுப்பு பற்றியதும் ராணியம்மாள் குனிந்து மீதி விதியைச் சொன்னாள். பொங்குகிற வரைக்கும் பானையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பொங்கிய நிமிஷமே எண்ணெய்.

அட்டவணையில் இல்லாத இந்த இடத்தில்தான் என் மூன்று நாளும் வந்து நின்றது. எழுத்து முதுகுக்குப் பின்னால் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. திரும்பினால் ஓர் ஊரின் மழை. நான் திரும்புகிறவளா, இல்லையா என்று எனக்கே தெரியாத ஒரு கணம் இருந்தது. கழுத்து நரம்பு இழுத்தது. பானையையே பார்த்தேன்.

"டீச்சர்," ஃபக்ருன்னிசாவின் குரல் கல் பக்கமிருந்து வந்தது. "நான் சொல்றேன், நீங்க படிங்க. எப்படி இருக்குன்னு சொன்னா போதும்தானே?"

அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெரியாததுதான் நல்லதாய்ப் போயிற்று. கண்ணில் பட்டதை மட்டும் சொன்னாள். பூசாரி தடுக்கவில்லை. காதுக்கு விதி கிடையாது போலிருக்கிறது. கொக்கி ஒன்று, அதற்கு வால் உண்டு. பிறகு கோலத்தில் பாதி மாதிரி. பிறகு ஒரு கோடு, ஆனால் அது விரிசலாகவும் இருக்கலாம். நான் சாமையைக் கிளறிக்கொண்டே சுவரில் ஒட்டிய அட்டவணையை மனசில் புரட்டினேன். முதல் வரியில் பாதிதான் பிடிபட்டது, ஏதோ ஓர் அரசனின் ஆட்சியாண்டு. பானையின் ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டியது. தீயைக் குறைக்கலாமா என்று ராணியம்மாளைக் கேட்டேன். குறைக்கிறது தப்பு, ஆனால் தான் விறகு தள்ள மறந்துபோகலாம் என்று அவள் வேறு யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

"ரெண்டாவது வரி, கடைசிப் பக்கம்," என்றாள் ஃபக்ருன்னிசா. "கிண்ணம் ஒண்ணு. அப்புறம் பிறை. பக்கத்துலயே இன்னொரு பிறை, அதுக்கு வால்."

கிண்ணம் ப. பிறை ட. பக்கத்தில் இன்னொரு ட, வாலோடு. என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. பட்டான். செத்தான் என்று அர்த்தம். எந்த நடுகல்லும் அதைச் சொல்லத்தான் நிற்கிறது.

"அதுக்கு முன்னால என்ன? சீக்கிரம்."

அவள் குரல் எழுத்தெழுத்தாக வரியில் பின்னால் போனது. ஒவ்வொரு வடிவத்தையும் சொல்லி முடிப்பதற்குள் நான் சத்தமாக எழுத்தைச் சொன்னேன். நடுவில் ரஹ்மான் மாமுவின் குரல் குறுக்கிட்டு, அது பிறை இல்லை, கொக்கி என்று திருத்தியது. அவர் சொன்னதுதான் சரி. சாத்தன், தொறு, மீட்டு, பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை.

"இன்னா எழுதிருக்கு?" என்றாள் ராணியம்மாள்.

பானையைப் பார்த்தபடியே சொன்னேன். சாத்தன் என்ற ஒருத்தர், திருட்டுப் போன மாடுகளை மீட்டுக்கொண்டு வரும்போது செத்துப்போனார். அவருக்கு வைத்த கல்.

ராணியம்மாள், இதில் புதுசாக ஒன்றும் இல்லை என்கிற மாதிரி, "மாடு காணாமப் போனா நாங்க இவருகிட்டத்தான் வந்து வேண்டிக்குவோம்" என்றாள்.

ஆயிரம் வருஷமாக எழுத்து எண்ணெய்க்கு அடியில் கிடந்திருக்கிறது. செய்தி மட்டும் வெளியே நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதே நேரத்தில் பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்து நெருப்பில் சீறியது. பெண்கள் குலவையிட்டார்கள். எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, இப்போது திரும்பலாம் என்றார் பூசாரி.

திரும்பினேன். சாய்ந்த வெயில் கல்லின்மேல் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் கட்டியிருந்தது. கிண்ணம், பிறை, வால் வைத்த பிறை. காதால் கேட்ட ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. இரண்டாம் வரியை ஒரு தடவை முழுசாக, என் கண்ணால், வாய்விட்டுப் படித்தேன். பூசாரி அவசரப்படுத்தவில்லை. பேர் வந்த இடத்தில் மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவரும் சொல்லிப் பார்த்தார்.

பிறகு எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிப் பூச ஆரம்பித்தேன். நோட்டுப் புத்தகம் ஜீப்பில் இருந்தது. அதைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. விரல்கள் பள்ளங்களில் இறங்கி ஏறின. கடைசி எழுத்தைப் பூசும்போது என் கை ஒரு நிமிஷம் நின்றது.

"பூசும்மா," என்றாள் ராணியம்மாள். "மழை வரணும்."

பூசினேன்.