சாயாத படகு

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் புருஷன் பெண்டாட்டிக்குள் தீராத வழக்கு ஒன்றே ஒன்றுதான். பெரிய கடலைத் தாண்டப் போகும் படகுக்கு உடம்பு ஒன்று இருக்க வேண்டுமா, இரண்டு இருக்க வேண்டுமா என்பது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பி வடத்தையும் எடைக்கல்லையும் நம்பிப் பிழைத்தவர். அடிவயிற்றில் கனமான ஈயம் வைத்த ஒற்றை உடம்புப் படகுதான் படகு என்பது அவர் கட்சி. "அலை புரட்டிப் போட்டாலும் தானா எழுந்து நிக்கும். உன் இரட்டைப் படகு கவுந்தா கவுந்ததுதான், ஆமையை மல்லாத்தின மாதிரி."

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இன்னொரு பிரேக் வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரை ரோட்டுக்கு அனுப்பியவள். "எழுந்துக்கிறது இருக்கட்டும். முதல்ல ஏன் விழணும்?" என்பாள்.

இவ்வளவு வாக்குவாதமும் இல்லாத படகைப் பற்றித்தான். அவர்களிடம் இருந்தது இரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்காரும் சின்னப் பாய்மரப் படகு. விடுமுறை நாட்களில் அதை எடுத்துக்கொண்டு விரிகுடாவை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். பெரிய படகு, பெரிய கடல் எல்லாம் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, அவர் ஓய்வு பெற்ற பிறகு என்று தள்ளிக்கொண்டே போனது.

ஒருநாள் லிஃப்ட் கூண்டின் உச்சியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவரின் கையிலிருந்து திருப்புளி நழுவி விழுந்தது. இருட்டுக் குழிக்குள் அது டங் டங்கென்று இடித்துக்கொண்டே போன சத்தத்தை வீட்டில் நடித்துக் காட்டிச் சிரித்தார். அடுத்த வாரமும் விழுந்தது. அப்புறம் சட்டைப் பொத்தான் கைக்கு அடங்கவில்லை. நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும் நோய் என்றார் டாக்டர். முதலில் கை, பிறகு கால், கடைசியில் மூச்சு. "மருந்து எழுதித் தரேன். ஆனா மனசுல ஆசை ஏதாவது இருந்தா இனிமே தள்ளிப்போடாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "படகு பாக்கலாமா?"

சின்னப் படகையும் அவள் பயிற்சிக் காரையும் விற்றார்கள். கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்திய படகுகளுக்கு நடுவே, வாரக்கணக்கில் தரகர் பின்னால் அலைந்தார்கள். பேசத் தெரிந்த மனிதர். "சார், இது கேட்டமரான். வெளிநாட்டு டிசைன்" என்று ஒரு இரட்டைப் படகைக் காட்டினார்.

"கட்டுமரம்னு நாம வெச்ச பேரையே எடுத்துட்டுப் போய், நாக்கைச் சுழட்டி நமக்கே விக்கிறீங்களே" என்றார் அவர். தரகருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அவள் பிடிவாதம் ஜெயித்து, இரட்டைப் படகுதான் என்றானபின் அவர் வேலையில் குறை வைக்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் முட்டிபோட்டு நுழைந்து, இரண்டு உடம்புக்கும் நடுவே உள்ள தளத்தைப் புறங்கையால் தட்டிப் பார்த்தார். "இது தண்ணிக்கு ரொம்பப் பக்கம். நடுக்கடல்ல ஒவ்வொரு அலையும் கடன்காரன் மாதிரி கதவைத் தட்டும்" என்று ஒன்றைத் தள்ளினார். ஹோட்டல் மாதிரி அறைகள் அடுக்கிய இன்னொன்றை, "கனம் ஏத்தினா இரட்டைப் படகு செத்தது" என்று தள்ளினார். ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து வெளியே வர அவள் கை கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த கையை அவர் பிடிக்கும் பிடி வாரத்துக்கு வாரம் லேசாகிக்கொண்டே வந்ததை அவள் சொல்லவில்லை.

"என் காலுக்காகத்தானே இது?" என்று கேட்டார் ஒருநாள். "தளம் சாயாம இருந்தா நான் விழமாட்டேன்னுதானே?"

"ஆமா" என்றாள். அது முழுப் பொய் இல்லை.

கடைசியாகப் பிடித்துப்போன படகை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். துறைமுக வாயைத் தாண்டியதும் அவள் தரகரைப் பார்த்து, "நீங்க உக்காருங்க. எது நடந்தாலும் கை வைக்கக் கூடாது" என்றாள். புருஷனிடமும், "நீங்களும்தான்" என்றாள். பிறகு நின்ற இடத்திலிருந்து நகராமல் பெரிய பாயை ஏற்றினாள். கயிறுகள் எல்லாமே சுக்கான் பக்கம் வந்து சேர்ந்திருந்தன. கயிறு இழுக்கும் விஞ்சுக்கு மின் பட்டன் இருந்தது. திசை மாற்றினாள். பாயைப் பாதியாகச் சுருக்கினாள், மறுபடி விரித்தாள். நங்கூரம் போட்டாள், எடுத்தாள். முகமெல்லாம் வேர்வையும் உப்புமாக வந்து நின்றாள்.

"மேடம், நீங்க தனியாவே உலகத்தைச் சுத்தி வந்துடுவீங்க!" என்றார் தரகர்.

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தார்கள். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்றார். "போறப்ப ரெண்டு பேர், வர்றப்ப ஒருத்தி. அதுதானே கணக்கு?"

அவள் குழாயை மூடவில்லை. "என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கணும். தொழில் புத்தி."

"நான் இன்னும் சாகலடி."

"செத்துட்டீங்கன்னு யாருங்க சொன்னது? நடுக்கடல்ல நீங்க முடியாம படுத்துட்டா நான் யாரைக் கூப்பிடறது? அலையையா?" அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அவர் போய்விட்டார்.

சில நாட்கள் அந்த வீட்டில் சுவருக்கும் சுவருக்கும் பேச்சு நடந்தது. 'சாப்பாடு ரெடி' என்று அவள் ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள், 'பசியில்ல' என்று அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார். பிறகு ஒரு காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த விஞ்ச் பட்டன் ரொம்ப மேல இருக்கு. இடுப்பு உயரத்துக்கு இறக்கிடலாம். தனியா நிக்கிறவ எட்டி எட்டி அமுக்கக் கூடாது."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பட்டனை அவரேதான் இறக்கினார். அவர் கையால் செய்த கடைசி மின்வேலை அது. திருகுகளை அவள் பிடித்துக்கொடுத்தாள்.

மகளும் மாப்பிள்ளையும் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார்கள். "உங்கப்பாவைப் படுக்கையில கட்டிப்போட்டு மூச்சு எண்ணச் சொல்றியா?" என்றாள் அவள். காற்று நல்ல பக்கம் திரும்பும் பருவத்தில் கிளம்பினார்கள்.

கரை கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் அந்தப் படகின் குணம் தெரிந்தது. ஒற்றைப் படகு காற்று கூடினால் சாயும், சாய்ந்து ஓலமிடும். இது எவ்வளவு காற்றடித்தாலும் சமர்த்தாக நிமிர்ந்தே ஓடும். மேசைமேல் வைத்த டம்ளர்கூட நகராது. பாரம் முழுவதும் சத்தமில்லாமல் பாய்மரத்தின் தலையில் ஏறிக்கொண்டிருக்கும்.

"இவ அழுத்தக்காரி" என்றார் அவர். "உடையுற வரைக்கும் முகத்துல காட்டமாட்டா. உன்னைப் போலவே."

"அப்போ எப்ப பாயைச் சுருக்கணும்னு எப்படித் தெரியும்?"

"சுருக்கலாமான்னு தோணுதில்ல? அப்பவே சுருக்கிடு. அதுவே தாமதம்தான்."

அதனால் காற்றைப் பார்ப்பது அவர் வேலை என்று ஆனது. பழைய பயிற்சிக் காரை விற்பதற்கு முன்பே அதன் சீட் பெல்ட்டை அறுத்து வைத்திருந்தாள். அதைச் சுக்கான் இருக்கையில் தைத்து அவரைக் கட்டி உட்கார வைத்தாள். கருவி காட்டும் வேகத்தையும் தூரத்து நீரின் நிறத்தையும் பார்த்து அவர் குரல் கொடுப்பார். அவள் சுருக்குவாள், விரிப்பாள். "ம், சரி" என்பார். அவள் தூங்கும்போது விழித்திருப்பார். ஆபத்தென்றால் முழங்கையால் மணியை அமுக்குவார். ஸ்பூன் கையில் நிற்காமல் போனபோது அவள் ஊட்டினாள். "கல்யாணத்தன்னிக்கு ஊட்டிவிட வெக்கப்பட்ட, இப்போ வட்டியும் முதலுமா வாங்குறேன்" என்றார். சிரித்தார்கள். அவள் உள்ளே போய்ப் பாய்த் துணிகளுக்கு நடுவே முகத்தை வைத்து அழுதுவிட்டு வந்தாள்.

பாதிக் கடல் தாண்டியிருக்கும். ஒரு மதியம், அவருக்குத் தண்ணீர் எடுக்கப் படியிறங்கியவள் ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். ஊன்றிய வலது மணிக்கட்டு குச்சி முறிவதுபோல் முறிந்தது. மேலேயிருந்து அவர் குரல்: "என்ன சத்தம்? எங்கே நீ?"

"ஒண்ணுமில்ல" என்றாள் பழக்கதோஷத்தில்.

"பொய் சொல்லாதே. மேல வா. கருப்பா வருது."

கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். மேற்கே வானத்திலிருந்து கடல்வரை கருந்திரை இறங்கியிருந்தது. பாய் முழுசாக விரிந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டவள், கிடையில் விழப்போவது அவர் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். தன் கை ஒடியும் என்று போடவில்லை. திகைத்து நின்றாள்.

"இங்கே பாரு. என்னைப் பாரு" என்றார். "உன் இடது கை இருக்கு. என் முழங்கை ரெண்டும் இருக்கு. நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு ஆள் தேறும். பாயை ஏத்திப் பிடிச்சிருக்கிற கயித்துப் பூட்டைத் திற. மெதுவா."

முன்கைகளைச் சுக்கான் சக்கரத்தின் கம்பிகளுக்குள் நுழைத்து, உடம்பாலேயே சாய்த்துப் படகைக் காற்றுக்கு எதிரே திருப்பினார். அவள் இடது கையால் பூட்டைத் திறந்தாள். பாய் படபடத்து இறங்கியது. அவள் சுருக்குக் கயிற்றை விஞ்சில் சுற்ற, அவர் முழங்கையால் பட்டனை அமுக்கினார். இடுப்பு உயரத்திலிருந்த பட்டன், உட்கார்ந்திருந்தவருக்குச் சரியாக எட்டியது. "நிறுத்துங்க. இன்னும் கொஞ்சம். போதும்" என்றாள். மழை சாட்டையால் அடிப்பதுபோல் வந்து விழுந்தபோது பாய் மூன்றில் ஒரு பங்காகியிருந்தது. படகு நிமிர்ந்தே ஓடியது. இரண்டு பேரும் ஒரே சீட் பெல்ட்டுக்குள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வலியில் அவள் பல் தந்தியடித்தது. "ம், சரி" என்றார் அவர் அவள் காதருகே.

மரக் கரண்டியை வைத்துக் கட்டிய கையோடு மிச்சக் கடலைத் தாண்டினார்கள். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பார்த்ததில்லை.

கரை சேர்ந்த ஊரில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், ஒரு சலவைக் கடையின் மாடியில் அறை எடுத்தார்கள். அவள் கை கூடியது. அவர் மூச்சு குறைந்தது. ஒரு பிற்பகல் அவள் துணி வாங்கக் கீழே இறங்கிப் போனாள். துணி இன்னும் காயவில்லை, கொஞ்சம் இருங்கள் என்றாள் கடைக்காரி. இருந்தாள். சூடான துணிக் கட்டோடு மேலே வந்தபோது அவர் போயிருந்தார்.

மகள் பறந்து வந்தாள். காரியம் முடிந்ததும், "என்னோட விமானத்துல வாம்மா" என்று மன்றாடினாள்.

"இதுக்காகத்தான் இந்தப் படகையே எடுத்தது" என்றாள் அவள். அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்? மகள் தனியே திரும்பினாள்.

காற்று மாறியதும் அவள் கிளம்பினாள். எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. பாய் ஏறியது, நங்கூரம் வந்தது. கரை மறைந்த மறுநாள் மாலை காற்று கூடியது. சுருக்கலாமா என்று தோன்றியதும் சுருக்கினாள். கயிறு சிக்கவில்லை, கை வலிக்கவில்லை. படகு அசையாமல் நிமிர்ந்தே ஓடியது. வேலை முடிந்து கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, தன்னையறியாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு 'ம், சரி'க்காக நிற்கிறோம் என்று அவளுக்கே சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது.

அப்புறம் சுக்கான் இருக்கைக்குக் கீழே தளத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதாள். அழுது ஓய்ந்ததும் எழுந்து படகைத் திருப்பினாள்.

துறைமுகத்தில் கயிறு வாங்கிக் கட்டிய காவலாளி, "ஏதாவது கோளாறாம்மா?" என்று கேட்டான். "இல்லப்பா" என்றாள்.

மகளுக்குப் போன் செய்தாள்.

"பயந்துட்டியாம்மா?"

"பயமெல்லாம் இல்ல. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒரு குறையும் இல்ல." போனை மறு காதுக்கு மாற்றினாள். "அதைத்தான் தாங்க முடியல."

"அப்போ படகு?"

"யாராவது ரெண்டு பேர் வாங்கட்டும்."

மறுவாரம் அவள் விமானத்தில் வந்தாள். ஜன்னலோர இருக்கை. மேகத்துக்குக் கீழே அந்தக் கடல் முழுவதும் ஒரு தூக்க நேரத்தில் கடந்து போனது. அவள் தூங்கவில்லை. கடைசிவரை பார்த்துக்கொண்டே வந்தாள்.