தாடிக்குள் இருந்த தாடை

"நாற்காலியத் திருப்பிப் போடு. இடது கன்னம் செவுத்துப் பக்கம் இருக்கட்டும்," என்றாள் மாமியார்.

மருமகள் திருப்பிப் போட்டாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அவளுடைய மகளின் வலது பாதியை மட்டும் காட்டுவதாக ஏற்பாடு. வளர வளர மகளின் கீழ்த்தாடை இடப்பக்கமாக ஒதுங்கிவிட்டது. கடிக்க, மெல்ல, அம்மாவிடம் வம்பிழுக்க, எதற்கும் அது தடையாக இருந்ததில்லை. கல்யாணத்துக்கு மட்டும்தான் தடை.

"ஒரே பக்கமாப் போட்டுத் தூங்க வெச்சா வேற எப்படி இருக்கும்? பெத்தா மட்டும் போதுமா?"

மகளுக்குப் பால் பல் விழுந்த காலத்திலிருந்து கேட்கிற பாட்டு இது. மருமகளும் அதை நம்பித் தொலைத்தாள். தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் புரட்டிப் போட்டு எத்தனை இரவு கண்விழித்திருப்பாள்!

போன வாரம்தான் குட்டு உடைந்தது. பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படுக்க வெச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. எலும்பு ஒரு பக்கம் கூடுதலா வளந்திருக்கு. சில குடும்பத்துல வழிவழியா வரும். பல்லுக்குக் கம்பி போட்டு, ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணலாம். ஆனா வலி இல்ல, நல்லா மெல்றா. அவளா ஆசப்பட்டாப் பண்ணிக்கட்டும்."

பிறகு கதவோரம் நின்ற கணவரைப் பார்த்தார். "சார், தாடிய அழுத்திப் பிடிச்சு நேரா நில்லுங்க."

பிடித்தார். உள்ளே அதே தாடை, அதே இடப்பக்கம். தாலி கட்டிய நாளிலும் அந்த மனுஷன் தாடியோடுதான் இருந்தார். இத்தனை வருஷம் வாங்கிய ஏச்செல்லாம் அந்தத் தாடிக்குள் இருந்ததுக்குத்தானா என்று மருமகளுக்கு நெஞ்சு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் கேட்டாள். மாமியார் காய் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை.

"தெரியும். நான்தான் தாடி வளக்கச் சொன்னேன். ஆம்பளைக்கு என்ன, மறைச்சுக்கலாம்."

இப்போது மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா விவரமானவள். எழுந்து சுவர்ப்பக்கம் போய் நின்று பெண்ணைக் குனிந்து பார்த்தாள்.

"தாடை கோணலா இருக்கே. ஆபரேஷன் பண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்க, மேக்கொண்டு பேசுவோம்."

மகள் தலையைத் தொங்கப்போட்டாள். "எல்லாம் இவ பிள்ளை வளத்த லட்சணம்," என்று மாமியார் ஆரம்பித்தாள். கணவர் தாடியைத் தடவியபடி ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்.

மருமகள் டீத் தட்டைக் கீழே வைத்தாள். மகளை எழுப்பி, நாற்காலியை நடு ஹாலுக்கு இழுத்துப்போட்டு, எல்லோருக்கும் நேர் எதிரே உட்கார வைத்தாள்.

"இது என் வளர்ப்பு இல்லைங்க. இதோ நிக்கிறாரே, இவரோட தாடை. இவரக் கட்டிக்கிறப்ப தாடிக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் குனிஞ்சு பாக்கல."

பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். காதிலிருந்து கழுத்துவரை கருகருவென்று தாடி.

"எங்க பொண்ண முழுசாக் காட்டிட்டோம். உங்க பையனுக்கு ஷேவ் பண்ணிக் கூட்டிட்டு வாங்க, மேக்கொண்டு பேசுவோம்."

மாப்பிள்ளையின் கை சட்டென்று தாடிக்குப் போனது. அவனுடைய அம்மா அவசரமாக எழுந்து செருப்பைத் தேடினாள்.