விமானப் படை விசாரித்த பிறை

என் கணவர் மஷூருக்கு வெள்ளவத்தையில் மூக்குக்கண்ணாடிக் கடை. பாதி ஊருக்குப் பார்வை கொடுத்தவர் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வார். ஆனால் கலியாணம் முடித்த காலத்திலிருந்து, நோன்பு இருபத்தொன்பதாம் நாள் மாலையானால் கடற்கரைக்கு ஓடுகிற மனிதர், ஒரு தடவைகூடப் பெருநாள் பிறையைக் கண்டதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் "அந்தா, அந்தா" என்று கையை நீட்டுவார்கள். இவர் "எங்க, எங்க" என்று கேட்டு முடிப்பதற்குள் அது மறைந்துவிடும். கண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மூக்கில் இருப்பது இவர் விற்ற கண்ணாடி. அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கஞ்சியில் உப்பில்லை என்று தீர்ப்பார்.

இந்த வருடம் கண்டுவிட்டார்.

மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கடலுக்கு மேலே, மேகம் விலகிய இடத்தில், வெள்ளி மாதிரி வளைந்து நின்றதாம். இவர்தான் முதலில் கண்டு, "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொல்லி, கையை நீட்டிக் காட்டினாராம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பெருநாள் இனிப்பு வட்டிலாப்பத்துக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.

பெருநாளை முடிவு செய்கிற பிறைக் குழுவுக்கு டெலிபோன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். ஒரு மௌலவி பொறுமையாக விசாரித்தார். எந்தத் திசை, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்கக் கேட்க, இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்புவித்தார். கடைசியில், பிறையின் கொம்பு இரண்டும் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று கேட்டார். கீழே என்றார் இவர். நம் நாட்டில் மாலைப் பிறை தோணி மாதிரி மல்லாந்துதான் கிடக்கும், கொம்பு மேலேதான் பார்க்கும். அது எனக்கே தெரியும். மௌலவி மரியாதையாக இவருக்காக இறைவனிடம் துஆச் செய்துவிட்டுப் போனை வைத்தார். பிறகு அறிவிப்பு வந்தது: பிறை தென்படவில்லை, நாளைக்குப் பெருநாள் இல்லை, நோன்பு முப்பது. துருவிய தேங்காய் ஃபிரிட்ஜுக்குள் போனது.

மனிதர் விடுவாரா? தன் கண்ணால் பிறையைக் கண்டவன் மறுநாள் நோன்பு பிடிக்கக் கூடாது, ஊர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மறைவாகச் சாப்பிட வேண்டும் என்று மார்க்கத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அதை இறுகப் பிடித்துக்கொண்டார். மறுநாள் பகல், நோன்போடு நின்ற நான் அவருக்குச் சோறாக்கி, முட்டையும் பொரித்து, படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பெருநாள் கொண்டாடுகிறாராம். உள்ளேயிருந்து, அச்சாறு இல்லையா என்று கேள்வி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் என் நோன்பும் பழுதாகும் என்று பேசாமல் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் விமானப் படை.

நீல உடுப்பில் இரண்டு பேர். நோன்பு பிடிக்காதவரைப் பிடிக்க ஏர் ஃபோர்ஸ் வருமா என்று ஒரு நொடி புத்தி தடுமாறிப் போனேன். அதிகாரியின் பெயர் ஷெல்டன். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, நல்ல தமிழ் கதைத்தார். முந்திய நாள் மாலை வெள்ளவத்தைக் கடலுக்கு மேலே அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் ஒன்றைச் சனங்கள் கண்டிருக்கிறார்களாம். யாரோ எடுத்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றுகிறதாம். வேற்றுக் கிரகத்து ஆட்கள் வந்துவிட்டார்கள் என்கிறார்களாம். போனை நீட்டினார். தூரத்தில் மங்கலாக ஒரு வெளிச்சம். முன்னால், நமக்கு முதுகைக் காட்டி, கையை நீட்டி, உரத்துத் தக்பீர் சொல்கிற ஒருவர். அந்த வழுக்கையை எனக்குத் தெரியாதா? தெருவுக்கே தெரிந்திருக்கிறது. விசாரித்த உடனே நேராக எங்கள் கதவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இவர் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தாடியில் ஒரு சோற்றுப் பருக்கை. நான் சாடை காட்டினேன். அவர் கண்ணில்தான் எதுவும் படாதே.

அது பறக்கும் பொருளே இல்லை, பிறை என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். சத்தம் கேட்டதா என்று ஷெல்டன் கேட்டார். பிறைக்கு ஏது சத்தம் என்றார் இவர். அசைந்ததா? கொஞ்சம் அசைந்ததுதான், மேகம் ஓடினால் அப்படித் தெரியும். நிறம் மாறியதா? இவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரு தடவை பச்சையானதாம். எனக்கே இதைச் சொல்லவில்லை, பாருங்கள். பிறகு ஷெல்டன் கையை வளைத்துக் காட்டி, அந்த வளைவு மேலே பார்த்ததா கீழே பார்த்ததா என்று கேட்டார். மௌலவி கேட்ட அதே கேள்வி. இவர் முகம் செத்துப்போனது.

"தம்பி, ஒன்டு செல்றேன்," என்றார் மெதுவாக. "நீங்க நல்லா விசாரிங்க. அது பிறை இல்லாட்டி, நான் இப்ப உள்ளுக்கு தின்டது நோன்பு நாள்ல தின்ட சோறு."

அந்தப் பிள்ளைக்கு எதிரி விமானம், ட்ரோன், ராக்கெட் என்று எல்லாம் படிப்பித்திருப்பார்கள். ஒரு கண்ணாடிக் கடைக்காரரின் பகல் சாப்பாடு கூடுமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லப் படிப்பித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஷெல்டன் சிரிக்கவில்லை.

"விசாரிச்சு நானே வந்து சொல்றன் அங்கிள்," என்றார். போகும்போது தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். இவர் பருக்கையைத் தட்டிவிட்டார். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனது.

பெருநாள் வந்தது. பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து, உடுத்திய புதுச் சாரம் கசங்காமல் கதிரையில் உட்கார்ந்திருந்தார். வட்டிலாப்பத்தைத் தொடவே இல்லை. தான் கண்டது அப்ப என்னவாக இருக்கும் என்று என்னிடம் கேட்டார். நாக்கு நுனியில் நல்ல சூடான பதில் ஒன்று வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். பாவமாக இருந்தது.

நாலைந்து நாளில் ஷெல்டன் சாதாரண உடுப்பில் வந்தார். முகத்துவாரத்து மீனவர்களின் வலையில் அந்தப் பொருள் அகப்பட்டதாம். விமானப் படையினர் போய், கையுறை போட்டு, தூரத்தில் நின்று தடியால் தட்டிப் பார்த்து, ஏகப்பட்ட கவனத்தோடு திருப்பியிருக்கிறார்கள். போனில் படத்தைக் காட்டினார். பிறை வடிவத்தில் பெரிய பிளாஸ்டிக் பலூன். உள்ளே நிறம் மாறுகிற பல்பு. காலி வீதியில் ஒரு புடவைக்கடை மொட்டைமாடியில் கட்டிவைத்தது, கயிறு அறுந்து தலைகீழாகப் பறந்திருக்கிறது. மறுபக்கத்தில் கொட்டை எழுத்தில் "பெருநாள் மலிவு விற்பனை". அதே எழுத்து அச்சடித்த பை எங்கள் கதவுக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுச் சாரம் வந்த பை. நான் மெல்ல அதைக் கழற்றிச் சமையலறைக்குள் கொண்டுபோனேன்.

இவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பிறை மாதிரித்தானே ஈக்கி," என்றார் கடைசியில்.

"ஓம் அங்கிள். நானும் பிறையெண்டுதான் சொல்லியிருப்பன்," என்றார் ஷெல்டன்.

விட்ட நோன்பைப் பிடிக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, பிறைக் கணக்கில் அடுத்த மாதக் கடைசியில்தான் பிடித்தார். தனியாகப் பசித்திருக்க விட எனக்கு மனம் வரவில்லை, நானும் பிடித்தேன். பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ரயில் பாதையைக் கடந்து கடற்கரைப் பாறையில் போய் உட்கார்ந்தோம். அந்த மாதப் பிறைக்குப் பெருநாள் கிடையாது. அதனால் ஊரில் ஒருவரும் பார்க்க வரவில்லை.

பள்ளியில் மாலைப் பாங்கு சொல்ல, பழத்தை வாயில் போட்டதும் நான் கண்டுவிட்டேன். நூல் மாதிரி மெல்லியதாக, கொம்பு இரண்டும் மேலே பார்க்க, கடலுக்குச் சற்று மேலே. "அந்தா" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எல்லோரும் முந்திக்கொண்டு காட்டிக் காட்டித்தான் மனிதர் இத்தனை வருடமும் பிறையைக் காணாமலே இருந்தார். நான் ரயில் பாதைப் பக்கம் திரும்பி, இல்லாத ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மணிக்கட்டை அவர் கை பிடித்தது.

"ஜவாஹிறா, கொம்பு மேல ஈக்கி."

"அப்ப அது என்னவாம்?" என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"கொஞ்சம் பொறு," என்றார். "ஷெல்டன் தம்பிக்கு ஒரு போட்டோ அனுப்பிட்டு என்னன்டு செல்றேன்."