ஏழாம் நம்பர் சிறுத்தை

எல்லாரும் ஜார்ஜின் முகத்தைப் பார்த்து அழுதார்கள். வனக்காவலர் மூர்த்தி மட்டும் காலைப் பார்த்துப் பதறினார்.

பெட்டி முன்னறையில் இருந்தது. கோட்டு, டை, சாக்ஸ், ஷூ என்று மாப்பிள்ளைக் கோலத்தில் படுத்திருந்தார் ஜார்ஜ். ஆம்பூர் ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் கட்டிங் செக்‌ஷனில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் ஏலகிரி மலைமேல் வீடு கட்டி வந்தவர். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தார். எழுந்திருக்கவில்லை. இன்னும் கால்மணி நேரத்தில் பெட்டியை மூடிவிடுவார்கள்.

மூர்த்தி, ஜார்ஜின் மனைவி தேவகிருபையிடம் குனிந்தார்.

"அண்ணி, ஒரு நிமிஷம் சமையல்கட்டுக்கு வர்றீங்களா?"

புருஷனைப் பறிகொடுத்தவளைச் சமையல்கட்டுக்குக் கூப்பிடுகிற ஆளை அவள் இன்றுதான் பார்க்கிறாள். இருந்தாலும் போனாள்.

"அண்ணன் கால்ல அந்த ஷூவ யாரு போட்டது?"

"எப்சிதான். பீரோ அடியில துணி சுத்தி வச்சிருந்தாரு. இன்னாடி, அடியில புடைப்பு புடைப்பா இருக்குதேன்னு கேட்டேன். எக்ஸ்போர்ட் மாடல்மான்னா."

ஆம்பூர்க்காரர்களுக்குப் புரியாத ஷூவெல்லாம் எக்ஸ்போர்ட்தான். மகளைக் குறை சொல்ல முடியாது.

"அது சிறுத்தை, அண்ணி," என்றார் மூர்த்தி.

பிறகு விவரம் சொன்னார். ஓடைக்கரைக்குக் கரடி ஒன்று குட்டிகளோடு தண்ணீர் குடிக்க வரும். டூரிஸ்டுகள் அங்கே பிஸ்கட், பாட்டில், பாட்டுப்பெட்டி சகிதம் போக ஆரம்பித்தார்கள். ஜார்ஜ் மனு எழுதினார். பதில் வரவில்லை. ரப்பரில் சிறுத்தைப் பாதம் வெட்டி ஷூவுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, விடியற்காலையில் ஓடை மணலில் நடந்தார். மறு வாரமே கூட்டம் நின்றது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஓடை மணல்ல அவரு நடக்கறத ஒரு நாளு பாத்துட்டேன். மொத தடவ நகம் வச்சு வெட்டிட்டாரு. சிறுத்தை நடக்கும்போது நகத்த உள்ள இழுத்துக்கும். இது நாயின்னுடுவாங்கண்ணேன்னு போய்ச் சொன்னேன். அடுத்த வாரம் நகம் இல்ல. நானும் 'நடமாட்டம் இருக்கலாம்'னு எழுதி வச்சேன். இருக்குதுன்னு எழுதல."

மூட்டுவலி என்று கடைக்குக்கூடப் போகாத மனுஷன் ஐந்து மணிக்கு எழுந்து வாக்கிங் போவது எதற்கு என்று மூன்று வருஷமாக அவளுக்குத் தூக்கம் இல்லை. பக்கத்துத் தோட்டத்து ஹலீமா பீயோடு ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தாள். இப்போது சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. சொல்லியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டேனா என்று நினைத்தாள். இருந்திருக்க மாட்டேன் என்றும் தோன்றியது.

"நாளைக்கு ஓடைக்கு ரோடு போடலாமான்னு பாக்க ஆபீசருங்க வர்றாங்க. தடம் இல்லன்னா ரோடு வந்துரும். அப்பறம் குட்டிங்கள இட்டுக்கினு அந்தக் கரடி எங்க போவும்?"

தேவகிருபை நேராகப் போதகரிடம் போனாள்.

"ஐயா, கடைசி ஜெபத்தக் கொஞ்சம் நீளமா பண்ணுங்க."

இருபது வருஷ ஊழியத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் கண்களை மூடுவோம்" என்று சொல்லி, ஆதாமிலிருந்து ஆரம்பித்தார்.

தேவகிருபை பெட்டியின் கால்மாட்டில் முழங்கால் போட்டாள். எப்சி எதற்கும் இரட்டை முடிச்சுப் போடுகிறவள். போதகர் மோசேயிடம் வந்தபோதுதான் இடது ஷூ கழன்றது. வலது ஷூ அசையவில்லை. எப்சி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். அம்மா முறைத்ததும் மூடிக்கொண்டாள்.

"பிடிவாதம் பண்ணாதீங்க. குடுங்க," என்று தேவகிருபை கணவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

ஜெபத்தில் தானியேல் சிங்கக் கெபியிலிருந்து வெளியே வந்தபோது ஷூவும் வந்தது. இரண்டையும் பைபிள் பைக்குள் போட்டாள். சாக்ஸ் நுனி கிழிந்து, அவருடைய கட்டைவிரல் வெளியே தெரிந்தது. அதை ஒருமுறை பிடித்தாள். சில்லென்றிருந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் பீறிட்டது. மாலையை இழுத்துக் காலை மூடினாள். போதகர் ஆமென் சொன்னார்.

மண் போட்டு முடிந்து எல்லாரும் கலைந்தபின், கல்லறைத் தோட்டத்து மதிலருகே மூர்த்தி அந்தப் பையை வாங்கக் கை நீட்டினார்.

"குடுங்க அண்ணி, நா பாத்துக்கறேன்."

"உங்க காலு எத்தினி?"

"பத்து."

"இது ஏழு." அவள் பையைத் தரவில்லை. "அஞ்சு மணிக்குத்தான போவாரு?"

மூர்த்தி தலையாட்டினார். தேவகிருபை மதில்மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ஷூவுக்குள் காலை விட்டாள். தொளதொளவென்றிருந்தது. கண் துடைத்து ஈரமாகிக் கிடந்த கைக்குட்டையைச் சுருட்டி, ஷூவின் நுனிவரை திணித்தாள். மறுபடி காலை விட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.