விளையாடாத ஆட்டம்

மாநிலக் காற்பந்துப் போட்டிக்கு மெர்லிமாவ் வட்டாரத்திலிருந்து ஓர் அணிதான் போகலாம். எந்த அணி என்பதை வட்டாரச் சங்கத் தலைவர் சேகரன் வாய்க்கு வந்தபடி அறிவிப்பார். அப்புறம் அணிக்காரர்கள் மாதக்கணக்கில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். இந்தக் கூத்து போதும் என்று செயலாளர் கலைமகள் திடலோரச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினாள்.

எல்லா அணிக்கும் தொடக்கத்தில் நூறு புள்ளி. மோதும் இரண்டு அணிகளும் தத்தம் கையிருப்பில் பத்தில் ஒரு பங்கை நடுவில் வைக்க வேண்டும். ஜெயித்தவன் மொத்தத்தையும் அள்ளிக்கொள்ளலாம். கடைசியில் மேலே நிற்கும் அணி போகும். அவ்வளவுதான், ஒளிவுமறைவு கிடையாது.

“இதெல்லாம் வேலைக்கு ஆகாதுலா,” என்றார் சேகரன். ஊர் இதை நம்ப வேண்டுமே என்பது ஒன்றே கலைமகளின் கவலை.

கடைசி ஆட்டம் தோட்டத் தொழிலாளர்களின் அணிக்கும் ரையன் கேப்டனாக இருந்த மாதா கோயில் அணிக்கும். அந்த வாரம் பார்த்துத் தோட்ட அணியின் கேப்டன் சுரேனுடைய அப்பா இறந்துபோனார். துக்க வீட்டோடு அங்கே யாரும் மோத மாட்டார்கள். ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு மாலையோடு போய் நிற்பார்கள். ரையன் அணியும் அப்படியே செய்தது. கலைமகள் பழக்கதோஷத்தில் அதையும் தோட்டத்தின் வெற்றியாகவே பலகையில் ஏற்றிவிட்டாள். நூற்று இருபதில் இருந்த தோட்டம் நூற்று முப்பத்து மூன்றுக்குத் தாவியது. நூற்று முப்பதில் முன்னே நின்ற ரையன் அணி நூற்றுப் பதினேழுக்கு இறங்கியது.

எழுதிய பிறகுதான் அவளுக்குத் தவறு உறைத்தது. இப்போது தன் இஷ்டத்துக்கு மாற்றினால் பலகையும் சேகரன் வாயும் ஒன்றுதான். மாற்றாவிட்டால் அநியாயம். ரையன் அணியினரோ பலகையைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டார்கள்.

கருமாதி முடிந்த கையோடு, பெயர் கொடுக்கும் கடைசி நாளன்று, சுரேன் மொட்டைத் தலையோடு திடலுக்கு வந்தான். பலகையைப் பார்த்தான். உள்ளங்கையால் கடைசி வரியை அழித்துப் பழைய எண்களையே எழுதினான்.

“என்ன சுரேன் பண்ற?” என்றாள் கலைமகள்.

“அப்பா செத்ததுக்குப் பாயிண்ட் வேணாங்க்கா. ஆடாத கேம எப்படி எழுதுவீங்க?”

தன் அணியோடு திடலோரம் உட்கார்ந்திருந்த ரையன் எழுந்து வந்தான். “அப்ப இப்பவே ஆடுவோம்லா, ப்ரோ.”

தோட்டத்துப் பையன்களும் வந்து சேர்ந்ததும் ஆடினார்கள். சாலையில் போன மோட்டார்சைக்கிள்கள் எல்லாம் நின்றுவிட்டன. உயிரைக் கொடுத்து ஓடினான் சுரேன். ஒரே கோல் விழுந்தது; போட்டவன் ரையன்.

விசில் ஊதியதும் யாரும் கலைமகளைப் பார்க்கவில்லை. தோற்ற தோட்டத்துக்காரர்களே கணக்குப் போட்டார்கள். “நம்மளுக்குப் பன்னண்டு போச்சு. நூத்தி எட்டு. அவங்களுக்கு நூத்தி நாப்பத்தி ரெண்டு.” சேகரனும் விரல்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார்.

ஊர் நம்பினால் போதுமென்று கலைமகள் ஏங்கியிருந்தாள். இவர்கள் பலகையையே காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சுரேன் வியர்வை வழிய மார்க்கரை எடுத்துத் தன் தோல்வியைத் தானே எழுதினான்.

“சரியாக்கா?”

கலைமகள் அந்த வரியைப் படித்துத் தலையாட்டினாள்.