கிணற்று மேட்டுப் பெண்

சூலூரில் பம்புசெட் பட்டறை வைத்திருந்த ரங்கராஜுக்கு எதைப் பார்த்தாலும் வியாபாரம்தான் தெரியும். கட்டின மனைவி பத்மாவதி மட்டும் கண்ணில் பட மாட்டாள்.

பத்மாவதியின் நாலு வயது மகள் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். மூன்றாம் நாள் பால் ஊற்றியதோடு அந்த வீட்டில் குழந்தையின் பேச்சும் முடிந்தது. அவள் வாயெடுத்தால், "போனது போச்சு, உடு" என்பான் ரங்கராஜ். சொல்லத்தான் விடவில்லை, வரையவாவது விடுவார்களே. கல்யாணத்துக்கு முன் கற்றுக்கொண்ட கை. மூன்று மாதம் உட்கார்ந்து ஒரே படம் வரைந்தாள். காய்ந்து கிடக்கும் தோட்டம். கிணற்று மேட்டில் முதுகு காட்டி, காலை உள்ளே தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. கட்டினவன் ஒருத்தனுக்குப் புரிந்தால் போதும் என்றுதான் அதைக் கூடத்தில் மாட்டினாள்.

பார்த்தான் மகராசன். "அட, கெணறு! பத்மா, நம்ம காலண்டருக்கு இது போதுமே!"

சிவகாசியிலிருந்து 1958ஆம் வருடத்துக் காலண்டர் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. காய்ந்த தோட்டத்தில் கரும்பு பச்சைப்பசேலென்று நின்றது. கிணற்றோரம் மோட்டார், குழாயில் பாய்கிற தண்ணீர். அவள் அழுது அழுது வரைந்த முதுகு மட்டும் அப்படியே இருந்தது, அதற்குக் கீழே பட்டறை விலாசம். வந்தவன் போனவனெல்லாம், "என்ன குளுமையான படமுங்க!" என்றான். அடக் கண்ணவிஞ்ச ஜனங்களா!

பொங்கலன்று, மாட்டுக்கொட்டகையில் வேலை செய்யும் பாவாத்தாளுக்கும் ஒன்று கொடுத்தாள் பத்மாவதி. பாவாத்தாள் விரித்து வெகுநேரம் பார்த்தாள். தண்ணீரையும் பார்க்கவில்லை, மோட்டாரையும் பார்க்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, இந்தப் புள்ள இங்க தனியா வந்து உக்காந்திருக்குதே, ஊட்டுல ஆரும் தேடலீங்களா? உளுந்துகிளுந்து போயிருமுங்க. ஆராச்சும் கையப் புடிச்சு இந்தப் பக்கம் இழுக்கோணுமுங்க."

இரண்டு வருடமாகப் பத்மாவதியிடம் யாரும் கேட்காத கேள்வி. பின்னால் நின்ற ரங்கராஜ் கடகடவென்று சிரித்தான்.

"படத்துல இருக்கறவ எங்கடி உளுவா! பத்மா, அடுத்த வருசத்துக்கும் நீயே வரைஞ்சு குடுத்துரு. இதே கெணறுதான்."

"வரையறேனுங்க," என்றாள். "ஆனா, அதுல கெணத்து மேட்டுல ஆரும் இருக்கமாட்டாங்க."

பாவாத்தாள் திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். ரங்கராஜ் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தான்.

"அதுஞ் செரிதான். மோட்டார் இன்னும் பெருசாத் தெரியும்."