முகம் பார்த்து வைத்த விலை

ரயிலில் பொம்மை விற்க இரண்டு பேர் வேண்டும் என்பது அன்புச்செல்வியின் கட்சி. ஒருத்தி முன்னால் போக வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் ஆளுக்கொரு துணிப்பொம்மையை வைத்துவிட்டு, வாயே திறக்காமல் நடந்துவிட வேண்டும். இன்னொருத்தி ஒரு ஸ்டேஷன் கழித்துப் பின்னால் வந்து, வேண்டும் என்பவரிடம் காசையும் வேண்டாம் என்பவரிடம் பொம்மையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தில்தான் வியாபாரமே இருக்கிறது என்பாள். அதற்குள் பொம்மை மடியில் சூடேறிவிடும். சூடேறிய பொம்மையைத் திருப்பிக் கொடுக்க லேசில் மனசு வராது.

முன்னால் போனவள் அன்புச்செல்வி. பின்னால் வந்தவள் தங்கை காந்திமதி. விழுப்புரத்தில் காலைப் பாசஞ்சரில் கடைசிப் பெட்டியில் ஏறி, பெட்டிக்குப் பெட்டி வழியிருக்கும் அந்த வண்டியில் முன்னோக்கி நடந்து, திண்டிவனத்தில் இறங்கி பஸ்ஸில் திரும்புவார்கள். மதியம் முழுக்கத் தையல் மெஷின். பனியன் துண்டுத்துணியில் உடம்பு, உள்ளே பஞ்சு, கறுப்பு மணியில் கண். பதினொரு வருஷம் இப்படிப் போனது.

விலை வைப்பதும் அக்காதான். வீட்டிலேயே விலைச்சீட்டுக் குத்தி எடுத்துவர மாட்டாள். நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று எழுதிய அட்டைச் சீட்டுகள் இடுப்புப் பையில் இருக்கும். ஆளின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள். நடந்தபடியே ஒரு சீட்டை எடுத்து ஊக்கால் குத்தி மடியில் வைத்துவிடுவாள்.

"ஒரே மொயலுக்கு மூணு வெலையா? எவனாவது கண்டுபுடிச்சா ஒத விழும்க்கா" என்பாள் காந்திமதி.

"பக்கத்துல பக்கத்துல மொயல் வெப்பனா? ஒருத்தருக்கு மொயல், அடுத்தவருக்கு ஆமை. உனுக்கு எதுக்கு அதெல்லாம்? நான் மூஞ்சியப் பாக்கறேன், நீ காசப் பாரு."

ஒருநாளும் அவள் வைத்த விலை தப்பியதில்லை. நூறு ரூபாய் முகத்துக்கு அவள் நூற்றைம்பதைக் குத்தியதில்லை.

கொரோனாவின் இரண்டாவது அலையில் இருவரையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் வேறு வேறு மாடி. எட்டாம் நாள், மூக்கில் குழாயோடு கிடந்த காந்திமதியிடம் நர்ஸ் குனிந்து அக்கா போய்விட்ட சேதியைச் சொன்னாள். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. சித்தப்பா மகன் சீனுவாசன்தான் சுடுகாட்டில் இருபதடி தள்ளி நின்று பார்த்தவன்.

"மூஞ்சியப் பாத்தியா?" என்று போனில் கேட்டாள்.

"இல்லக்கா. ஜிப்பு போட்ட பையி. தெறக்க உடல."

வீடு வந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. கண்ணை மூடி அக்காவை நினைத்தால் வந்தது முதுகு மட்டும்தான். பச்சைச் சேலை, பின்னலுக்குக் கீழே வியர்த்த ரவிக்கை, தோளில் தொங்கும் பை. பதினொரு வருஷம் பின்னால் நடந்து அவள் பார்த்தது அதைத்தான். ஆதார் அட்டையில் இருந்த முகம் யாரோ ஒருத்தியுடையது. போனில் இருந்த ஒரே படத்தில் அக்கா சிரித்துக்கொண்டே முகத்தைக் கையால் மறைத்திருந்தாள். ஒரே ஒரு முறை அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு வெகுநாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். போன வருஷம்தான் மறுபடி வண்டி ஏறினாள். தானே வைப்பாள், தானே திரும்பிப் போய் வாங்குவாள். முகம் பார்த்து விலை சொல்ல அவளுக்கு வரவில்லை. எல்லாவற்றிலும் நூற்றைம்பது என்றே எழுதிக் குத்தினாள். பாதி நாள் பொம்மைகள் போனபடியே திரும்பி வந்தன.

புரட்டாசியில் ஒருநாள் நல்ல மழை. ஓடிவந்து, நகரும் வண்டியில் கடைசிப் பெட்டியைப் பிடித்தாள். மூச்சு வாங்கத் கம்பியைப் பிடித்து நின்றவள் முண்டியம்பாக்கம் தாண்டித்தான் நிதானத்துக்கு வந்தாள். பையின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தபோது, கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிய ஒருவர் இருநூறு ரூபாயை நீட்டினார்.

"இந்தாம்மா. ஆமை நல்லாருக்கு."

"நான் இன்னும் வெக்கவே இல்லியே சார்."

"இப்பதான வச்சிட்டுப் போனீங்க?"

"நானா சார்?"

"நீங்களோ, யாரோ. நான் பொம்மயதான பாத்தேன்."

அவர் மடியில் இருந்த ஆமையை வாங்கித் திருப்பினாள். தையலை மூடும் இடத்தில் கடைசி முடிச்சை அக்கா வெளியே விடமாட்டாள், உள்ளே இழுத்துவிடுவாள். காந்திமதிக்கு இன்றுவரை கைகூடாத வித்தை அது. இதில் முடிச்சு உள்ளே இருந்தது. சீட்டில் இருநூறு என்று எழுதியிருந்தது, அக்காவின் கையெழுத்தில். எதிர் இருக்கைக் கிழவியின் மடியில் ஒரு முயல். அதில் நூறு.

அன்று பெட்டி முழுக்கக் கைகள் நீண்டன. காசை நீட்டின, பொம்மையை நீட்டின. காந்திமதி வாங்கிக்கொண்டே நடந்தாள். ஒவ்வொருவரிடமும் கேட்டாள், வைத்துவிட்டுப் போனவள் எப்படி இருந்தாள் என்று. யாருக்கும் தெரியவில்லை. மடியில் ஒன்று வந்து விழுந்தால் மனுஷன் மடியைத்தான் பார்ப்பான். வைத்த கையின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

அவள் தைத்த பொம்மைகள் பையில் கட்டியபடியே இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் விற்காமல் திரும்பிய முயல் ஒன்றைக் கத்தரியால் அடிவயிற்றில் கீறினாள். உள்ளே பஞ்சு இல்லை. துணி இல்லை, தவிடு இல்லை, எதுவுமே இல்லை. கீறிய இடத்தில் விரலில் லேசாக ஒரு சூடு பட்டது, யாரோ மூச்சு விட்டதுபோல. பிறகு முயல் தளர்ந்து வெறும் தோலாகக் கையில் கிடந்தது. காந்திமதி அதை மடித்து அலமாரியில் வைத்தாள். மற்றவற்றைக் கீறவில்லை.

அதற்குப் பிறகு ஒன்று பிடிபட்டது. தன் பொம்மைகளை அவள் வைக்கத் தொடங்கினால் அன்று எதுவும் நடக்காது. பையை அவிழ்க்காமல் ஒரு ஸ்டேஷன் பொறுத்திருந்தால், பொம்மைகள் மடிகளில் காத்திருக்கும். அக்கா எப்போதும் ஒரு ஸ்டேஷன் முன்னால் இருந்தாள். எட்டிப் பிடிக்கலாம் என்று வேகமாக நடந்தாலும் முடியவில்லை. காசோடு நீண்டிருக்கும் கையைத் தாண்டிப் போக அவளுடைய கால்களுக்குத் தெரியாது. கடைசிக் கைக்கு வருவதற்குள் திண்டிவனம் வந்துவிடும்.

வண்டியில் வேகவைத்த வேர்க்கடலை விற்கும் மாரியப்பன் ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா மதி, கூட ஆளு போட்டுட்டியா? சொல்லவே இல்ல."

"நீ பாத்தியாண்ணா? மூஞ்சியப் பாத்தியா?"

"நான் மல்லாட்ட விக்கறவன்மா. எவன் கையில சில்லற இருக்குன்னு பாப்பனா, மூஞ்சியப் பாப்பனா?" சிரித்தவர், சிரிப்பை அப்படியே நிறுத்திக் குரலை இறக்கினார். "பச்ச சேல. ரெண்டு சீட்டுக்கு நடுவுல நான் கூடையோட நிக்கறேன். ஒரு ஆளு போற எடம் இல்ல. அவ போனா. என்மேல படவே இல்ல மதி."

காந்திமதி பையின் முடிச்சை இறுக்கினாள்.

"கொஞ்ச நாளு பஸ்ல வித்துப் பாரேன்."

"பஸ்ல எவன் மடியில வெக்க உடுவான்? கண்டக்டரே எறக்கி உட்ருவாரு."

"நக்கலு பண்ணாத. எனுக்கு இது சரியாப் படல."

தீபாவளிக்கு மறுநாள் வண்டி வெறிச்சோடிக் கிடந்தது. பெட்டிக்கு நாலு பேர், ஐந்து பேர். மாரியப்பனும் வரவில்லை. ஆட்கள் குறைவு என்பதால் பொம்மைகளும் குறைவு. விக்கிரவாண்டியில் தொடங்கிய காந்திமதி பேரணி ஸ்டேஷன் தாண்டுவதற்குள் மூன்று பெட்டிகளை முடித்துவிட்டாள். மயிலத்தில் வண்டி நின்று கிளம்பியபோது முதல் பெட்டியின் வாசலில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

பெட்டியின் அந்தக் கோடியில் பச்சைச் சேலை. பின்னல். தோளில் பை.

வேலை நேரத்தில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் கூப்பிட்டாள்.

"அக்கா."

முதுகு நின்றது. திரும்பவில்லை.

"எல்லாத்தையும் வாங்கிட்டியா?" பதினொரு வருஷம் திண்டிவனத்துக்கு முன்னால் அவள் கேட்ட அதே கேள்வி, அதே அவசரக் குரல்.

"அக்கா, மூஞ்சியக் காட்டு. ஒரே ஒரு வாட்டி."

"வேலைய முடி. எல்லாத்தையும் வாங்கிக்கினு வா. அப்புறம் எவ்ளோ நேரம் வேணா பாரு."

சொல்லிவிட்டு அவள் வலப்பக்கத்துக் கதவுக்குப் போய்க் கம்பியைப் பிடித்து நின்றாள். கதவு திறந்திருந்தது. திண்டிவனத்தில் பிளாட்பாரம் இடப்பக்கம் வரும். அது காந்திமதிக்குத் தெரியும். அப்போது அது அவள் நினைவுக்கு வரவில்லை.

வாங்கினாள். தூங்கிக்கொண்டிருந்த பெரியவரின் மடியிலிருந்து யானையை எடுத்தாள். காலேஜ் பெண் நூற்றைம்பதைக் கொடுத்தாள், எண்ணாமல் பையில் போட்டாள். பெட்டியின் கடைசி இருக்கையில், அந்தக் கதவை ஒட்டி, ஒரு தாயும் இரண்டு வயதுப் பெண்குழந்தையும். குழந்தை முயலைக் கட்டிக்கொண்டு தூங்கியிருந்தது. சீட்டில் நூறு என்று இருந்தது.

"காசு இல்லம்மா. ஆஸ்பத்திரியில காட்டிட்டு வர்றோம்" என்றாள் தாய். "எடுத்துக்குங்க. இருங்க, முழிச்சிக்காம உருவித் தர்றேன்."

காந்திமதி கையை நீட்டினாள். இந்த ஒன்றுதான் பாக்கி.

தாய் குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கதவருகே அக்கா மெல்லத் திரும்பத் தொடங்கினாள். ஒரு விரல் விலகியது, காது தெரிந்தது. இன்னொரு விரல் விலகியது, கன்னத்தின் ஓரம். காற்று உள்ளே வீசி அடித்தது, தாயின் முந்தானை படபடத்தது. அக்காவின் சேலை அசையவே இல்லை. முயல் பாதி உருவி வந்தது. மூக்குத்தி மின்னியது. கிட்டே போனால் நன்றாகத் தெரியும் என்று காந்திமதிக்கு இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே.

குழந்தை தூக்கத்தில் முனகியது. எதையோ பறிகொடுப்பதுபோல் வெறும் கை காற்றில் துழாவியது.

காந்திமதி கீழே பார்த்தாள். அவளுடைய வலது கால் வாசற்படித் தகரத்தின் மேல் இருந்தது. அதற்கு அப்பால் ஜல்லிக்கற்கள் ஒரே கோடாக ஓடிக்கொண்டிருந்தன. எப்போது இவ்வளவு தூரம் வந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் அந்த முகம் இருந்தது. நிமிர்ந்தால் போதும்.

"வேணாம்" என்றாள். "வேணாம்மா, உட்ருங்க. அது கையிலயே இருக்கட்டும்."

"காசு இல்லியே."

"காசு வேணாம். சும்மாதான். வச்சிக்கட்டும்."

தாய் கையை எடுத்தாள். குழந்தை முயலை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. காந்திமதி தலையைத் தூக்காமலே பின்னால் நகர்ந்து, இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, எதிரே உட்கார்ந்தாள். பையில் இருந்த அக்காவின் பொம்மைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து அமுங்குவது இடுப்பில் தெரிந்தது. வண்டி வேகம் குறைந்தது. சரக்கு ரயில் ஒன்று எதிர்த் தண்டவாளத்தில் நின்றிருந்தது. அதன் துருப்பிடித்த சுவர் திறந்த கதவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நெடுநேரம் ஓடியது.

வண்டி நின்றது. இடப்பக்கம் ஆட்கள் இறங்கினார்கள். தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வலப்பக்கத்துக் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"உங்க கூட நின்னாங்களே, அவங்க அந்தப் பக்கமா எறங்கிட்டாங்க. வண்டி நிக்கவே இல்ல, எப்படித்தான் எறங்குனாங்களோ. அவங்க யாரு, உங்க அக்காவா?"

"ஆமா."

"அதான் பாத்தேன். போறப்ப திரும்பிப் பாத்தாங்க. அச்சு அசலா உங்க ஜாடை."

காந்திமதி வாயைத் திறந்தாள். கேட்க வேண்டியது ஒன்றுதான். நேற்றுவரை இந்த வண்டியில் ஏறிய அத்தனை பேரிடமும் கேட்டது. தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொழந்த பேரு இன்னா?" என்றாள்.

"கலைப்பிரியா."

"காய்ச்சலா?"

"சளி. நெஞ்சுல கட்டிக்கினு இருக்குதாம். மருந்து குடுத்திருக்காங்க, சரியாயிடும்னு சொன்னாங்க."

"சரியாயிடும்" என்றாள் காந்திமதி. தாயின் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டு, அவளை முன்னால் விட்டு, பிளாட்பாரம் இருக்கும் பக்கமாக இறங்கினாள்.